காலுக்குள் இருந்த இரும்பு

நான் என்ன படிக்கிறேன் என்று யார் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இரும்புக்கு முலாம் பூசப் படிக்கான்." சேரன்மகாதேவியில் எங்கள் தெருக்காரர்கள் அதைக் கேட்டு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார்கள். அப்பாவோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் என் முகத்துக்கு நேராகவே கேட்டார், ஈயம் பூசுகிறவனுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வழுக்கைத் தலையிலேயே ஒரு பூச்சு போட்டிருப்பேன். ஆனால் உட்கார்ந்து விளக்கினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஜில்லாவிலேயே அந்த வேலையைச் செய்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலைக்கு ஸ்பட்டரிங் என்று பெயர். மழைக்காலத்தில் வெள்ளையடித்த சுவரின் அடியைப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். மழைத்துளி மண்ணில் மோத, மண் தெறித்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதே சங்கதிதான் இதுவும். மழைக்குப் பதில் ஆர்கான் வாயு, மண்ணுக்குப் பதில் டைட்டானியத் தட்டு, சுவருக்குப் பதில் எஃகுத் துண்டு. எல்லாம் ஒரு மூடிய பாத்திரத்துக்குள், காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகு, மின்சாரத்தின் உந்துதலில் நடக்க வேண்டும். கூடவே கொஞ்சம் நைட்ரஜனையும் விட்டால் எஃகின் மேல் படிவது தங்க நிறமாக இருக்கும். தங்கம் இல்லை, தங்கத்தைவிடப் பல மடங்கு கடினமான ஒரு தோல். துளி இடைவெளி இல்லாமல் அது படிந்துவிட்டால், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் இரும்பு துருப்பிடிக்காது. படிந்துவிட்டால் என்கிற அந்த இடத்தில்தான் என் இருபதுகளில் பாதி போயிற்று.

பாளையங்கோட்டையில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த கல்லூரியின் எந்திரம் பழையது. பெரிய ஊர் ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டாமென்று கழித்ததை என் பேராசிரியர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். காற்றை உறிஞ்சும் பம்புகளுக்கு இடைவிடாமல் கரண்டும் வேண்டும், அவற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் அது நல்ல நாள். ஹாஸ்டல் பையன்கள் குளிக்கப் போகும்போது தண்ணீர் மெலிந்துவிடும். கரண்ட் போவதற்கோ நேரம் காலமே கிடையாது. போன நொடியில் ஓடிப்போய் வால்வை மூட வேண்டும். இல்லையென்றால் பம்பிலிருக்கும் எண்ணெய் ஆவியாகிப் பின்னால் ஏறி, உள்ளே இருக்கிற எஃகின் மேல் படிந்து எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். அதனால் டீ குடிக்கக்கூடப் போகாமல், தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஃபேன் சோர்ந்தால் நான் எழுந்துவிடுவேன். இன்றைக்கும் எங்காவது ஃபேன் நின்றால் என் கை வால்வைத் தேடுகிறது.

தம்பி எனக்கு நேர் எதிர். எனக்குப் புத்தகம் என்றால் அவனுக்குக் கால். விடிந்ததும் ஆற்றுக்குப் போய் மணலில் ஓடுவான். போலீஸில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை, உயரமும் மார்பளவும் சரியாக இருந்தன. ஓட்டத்தில் அவனை முந்த அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எழுத்துப் பரீட்சைதான் அவனுக்குத் தகராறு, அதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. ஓர் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வழியாக மொபெட்டில் வந்தவன், கரை இடிந்திருந்த இடத்தில் வண்டியோடு சரிந்துவிட்டான். வலது தொடை எலும்பு முறிந்தது.

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்பைச் சேர்த்துப் பிடிக்க எஃகு பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த பிளேட்டையும் ஸ்க்ரூவையும் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான் வெளியே வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் ஒரு சீட்டில் அளவை எழுதித் தருவார். மருந்து வாங்குவது மாதிரி அதையும் கடையில் நீட்டி வாங்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். எதிர்க்கடையில் பிளேட் கிடைத்தது, ஆனால் ஸ்க்ரூவில் இரண்டு குறைந்தது. நாளைக்குத்தான் வரும் என்றான் கடைக்காரன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கினார். முழங்கால் வலிக்காரர், நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார், ஓடியிருக்கிறார். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இழுத்து மூடப்போன ஷட்டரைக் கையால் பிடித்து நிறுத்தி, மாதிரிக்குக் கொண்டுபோன ஸ்க்ரூவைக் காட்டி, அதே நீளமா, அதே கனமா, அதே மரையா என்று பார்த்துப் பார்த்து இரண்டை வாங்கி, மழையில் நனையாமல் வாய்க்குள் அடக்கிக்கொண்டு வராத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தார். தகவல் தெரிந்து நான் பாளையங்கோட்டையிலிருந்து போனபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. அப்பா ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது தம்பியைப் பற்றி அல்ல.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூல்லா. அது மட்டும் கிடைக்கலன்னா எம்புள்ள கால் என்னாயிருக்கும்?"

அதிலிருந்து வீட்டுக்கு யார் நலம் விசாரிக்க வந்தாலும் மழையும் ஷட்டரும் இரண்டு ஸ்க்ரூவும் வந்துவிடும். எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க ஃபைல் தள்ளியவர். அதற்குமுன் வீரம் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். கேட்கக் கேட்க எங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

தை பிறந்ததும் தம்பி கோல் ஊன்றி நடந்தான். பங்குனியில் தொடைத் தழும்பின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. பிறகு அது சீழ் ஆயிற்று. மறுபடியும் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு இன்னும் கூடவில்லை, உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இரும்பு துருப்பிடித்து உடம்போடு ஒத்துக்கொள்ளாமல் போன மாதிரி தெரிகிறது என்றார். முதலில் மருந்து கொடுத்துச் சீழை அடக்க வேண்டும். சில வாரம் கழித்துத் திறந்து பழையதை எடுத்துவிட்டு வேறு பிளேட் வைக்க வேண்டும். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் காலைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

வாடகைக் காரில் திரும்பி வந்தோம். முன் சீட்டில் அப்பா, பின் சீட்டில் நானும் என் மடியில் காலை நீட்டியபடி தம்பியும். சுத்தமல்லியோ முக்கூடலோ எந்தப் பக்கமாக வந்தோம் என்றுகூட எனக்கு நினைவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏலே, ஊர் இரும்புக்கெல்லாம் துருப்பிடிக்காம பூச்சு போடுதேன்னு சொல்லுதியே. தம்பி காலுக்குள்ள இருக்க இரும்புக்கு ஒண்ணும் கிடையாதா?"

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். துருவைப் படிக்கிறவனின் தம்பிக்குத் துரு. உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான், நான் என் துண்டுகளை மூழ்கவைத்துச் சோதிப்பதும் உப்புத் தண்ணீரில்தான். ஆனால் மேசைமேல் இருக்கிற கண்ணாடிக் குவளைக்கும் தம்பியின் தொடைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்தக் காரில் வைத்து எப்படிச் சொல்வது? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தம்பி கண்ணை மூடியிருந்தான், தூங்கவில்லை. அண்ணன் என்ன சொல்லப் போகிறான் என்று அவன் மூச்சை அடக்கிக் காத்திருப்பது என் மடியில் தெரிந்தது. "பாக்கேன்பா" என்று சொல்லிவிட்டேன்.

பேராசிரியர், செய்து பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் எந்த டாக்டரும் இதைத் தொடமாட்டார் என்றார். அப்பாவிடம் இதில் முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே புது பிளேட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

அதுவரை நான் பூச்சு போட்டதெல்லாம் கட்டைவிரல் நக அளவுத் தட்டைத் துண்டுகள். இதுவோ ஒரு சாண் நீளம், முதுகு வளைந்தது, நெடுகத் துளைகள். கம்பி வளைத்துத் தொங்கவிட ஒரு தாங்கி செய்யவே ஒரு வாரம் போயிற்று. அப்பா லீவு போட்டுவிட்டுத் தினமும் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஆய்வுக்கூடத்து வாசல் பெஞ்சில் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே வாயு பற்றிக்கொண்டு ஊதா வெளிச்சம் வரும்போது மட்டும் கூப்பிடுவேன். பாத்திரத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

முதல் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஃபேன் சோர்ந்தது. பாய்ந்து வால்வை மூடினேன். பிறகு வெளியே வந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. கரண்ட் ஆபீசுக்கே போய், என் மகனுக்கு உள்ளே ஆபரேஷன் நடக்கிறது, தயவுசெய்து கரண்டை விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று அவர்கள் பதறிக் கேட்க, இவர் காலேஜ் என்று சொல்ல, விரட்டிவிட்டார்கள். தலைகுனிந்து திரும்பி வந்தார். நான் சிரித்தேன். சிரித்த கையோடு அழுகையும் வந்தது, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அந்தத் தடவை போட்ட பூச்சு, மறுநாள் நகம் பட்டதும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது.

அடுத்தது பழுப்பாக வந்தது. எங்கேயோ காற்று கசிகிறது, எங்கே என்று கண்டுபிடிக்கச் சில நாள். அதற்கும் அடுத்தது ஒரு பக்கம் சரியாக வந்து, மறுபக்கம் திருப்பிப் போடும்போது தண்ணீர் நின்று, பம்பு சூடேறி, பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் பூச்சைச் சுரண்டித் தேய்த்து, எஃகை மறுபடியும் முதலிலிருந்து பளபளப்பாக்க வேண்டும். அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தம்பி ஒன்றும் கேட்கமாட்டான். என் முகத்தைப் பார்ப்பான், பிறகு பரீட்சைப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொள்வான். அவன் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வழியாகச் சித்திரை முடிகிற சமயத்தில், கரண்டும் தண்ணீரும் கடைசிவரை நின்ற ஒரு பிற்பகலில் அது வந்தது. மூடியைத் திறந்து வெளியே எடுத்தேன். தங்கத்தில் வார்த்த மாதிரி இருந்தது, துளைக்குத் துளை மினுங்கியது. அப்பா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெறுங்கையால் தொடாதீர்கள் என்று நான் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

அவர் பெஞ்சுக்குப் போன பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். மேற்பரப்பில் அங்கங்கே ஊசி குத்தின மாதிரி புள்ளிகள், ஒவ்வொன்றும் அடியில் இருக்கும் எஃகு வரை இறங்கியிருந்தது. துளைகளின் உட்புறம் பூச்சே ஏறவில்லை. தெறித்து வருவது நேர்க்கோட்டில்தான் வரும், ஒளிந்திருக்கும் இடத்துக்கு வளைந்து போகாது. ஓட்டை உள்ள பூச்சு, பூச்சே இல்லாததைவிட மோசம். மற்ற இடமெல்லாம் கவசம் போட்டிருப்பதால், துரு அத்தனையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கிக் குடையும். இதைத் தம்பி காலுக்குள் வைப்பதைவிடக் கடையில் வாங்கினதை அப்படியே வைப்பது மேல். இத்தனை நாள் பட்ட பாட்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அப்பாவிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, படம் வரைந்துகூடக் காட்டினேன். அவர் பிளேட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஊசிமுனை ஓட்டைக்கா இம்புட்டுப் பேச்சு?" என்றார்.

என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடமும் போனார். டாக்டர் கோபப்படவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். இது இதற்குமுன் யார் உடம்பிலாவது இருந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உங்கள் தம்பி உடம்பில்தான் முதலில் வைத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்பாவைப் பார்த்தேன், அந்தக் கல் அவர் முகத்தில் இருந்தது.

அவர் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. டாக்டருக்கு வேண்டிய பெரிய அதிகாரி ஒருவரைத் தெரியும், அவரை வைத்துச் சொல்லவைத்துவிடலாம் என்று கிளம்பினார். நான் வேண்டாம் என்றேன், சத்தம் போட்டேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் ஆளைப் பார்த்துப் பேசி நாள் குறித்துவிட்டார். என் கையால் செய்ததையே என்னால் தடுத்து நிறுத்த முடியவில்லை. அதிகாரியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டிய சனிக்கிழமை காலையில், பூஜை அலமாரியில் வைத்திருந்த பிளேட்டைக் காணவில்லை.

அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வராமலே, அதை நேற்று உண்டியலில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு நோவு வந்தால் வெள்ளித் தகட்டில் கண் செய்து சாமிக்குப் போடுவார்கள். கைக்குக் கை, காலுக்குக் கால். உரு போடுவது என்று பெயர். தம்பி விழுந்த அன்றே ஆற்றங்கரை அம்மனுக்குக் கால் உரு போடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். அந்த நேர்த்திக்கடனைத்தான் என் பிளேட்டை மஞ்சள் துணியில் முடிந்து தீர்த்துவிட்டாள். அப்பா ருத்ரதாண்டவம் ஆடினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"டாக்டர் வேண்டாம்னுட்டாரு. செஞ்சவனே ஓட்டைங்கான். நீங்க வச்சே தீருவேங்கிய. மூணு பேருக்கும் நடுவுல எம்புள்ள காலுல்லா கிடந்து சீரழியுது. அதான் அம்மன்ட்ட கொடுத்துட்டேன். இனி அவ பாடு."

அப்பா கோயில் ஆபீசுக்கு ஓடினார். உண்டியலில் விழுந்தது சாமிக்கு, அது சட்டம் என்று சொல்லிவிட்டார்கள். அது தங்கமில்லை, வெறும் எவர்சில்வர் என்று அப்பா மன்றாடியிருக்கிறார். சாமிக்குத் தங்கமும் எவர்சில்வரும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. பிறகு உண்டியல் திறந்தபோது நகை மதிப்பிடுகிறவர் அதை உரைகல்லில் உரசிப் பார்த்தாராம். கோடு விழவில்லையாம், கல்தான் தேய்ந்ததாம். என் பூச்சுக்கு இந்த உலகத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வைகாசியில் தம்பிக்கு மறு ஆபரேஷன் நடந்தது. இந்தத் தடவை டாக்டர் பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே கம்பெனியுடையதாக, ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். முடிந்ததும், உள்ளேயிருந்து எடுத்த பழைய பிளேட்டையும் ஸ்க்ரூக்களையும் கழுவி, துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள்.

அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். மைக்ராஸ்கோப் வேண்டியிருக்கவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. பிளேட் ஏறக்குறைய புதிதாக இருந்தது. ஸ்க்ரூக்களும் அப்படியே, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் கறுத்து, கழுத்தில் அரிபட்டிருந்தன. அவை இருந்த துளைகளின் விளிம்பு மட்டும் எறும்பு அரித்த மாதிரி இருந்தது. பிளேட் ஒரு எஃகு, அந்த இரண்டும் வேறு எஃகு. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்களைத் தொட்டு வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பது முதல் வருடப் பாடம். நீளம் சரி, கனம் சரி, மரை சரி. பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

எங்கள் எந்திரத்தில் டைட்டானியத் தட்டுக்குப் பின்னால் வைப்பதற்கென்று காந்தங்கள் உண்டு. அதில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. தனியாக அதைத் தெரிந்து வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா காபி வாங்கப் போயிருந்தார். தம்பி படுத்தபடியே பழைய இரும்பைப் பார்க்க வேண்டும் என்றான். போர்வை மேல் துணியை விரித்துக் காட்டினேன். காந்தத்தை அவனே என் பையிலிருந்து எடுத்தான். பிளேட்டின் பக்கம் கொண்டுபோனான், ஒட்டவில்லை. உடம்புக்குள் வைக்கிற எஃகில் காந்தம் ஒட்டாது. ஸ்க்ரூக்களின் மேலாகப் பைய நகர்த்தினான். இரண்டே இரண்டு மட்டும் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன.

அவன் பரீட்சையில் மக்கு என்று நாங்களே சொல்லிச் சொல்லி வைத்திருந்தோம். காந்தத்தை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ரெண்டும் அப்பா வாங்கிட்டு வந்ததுதானே அண்ணே?"

அவன் அந்த இரண்டையும் காந்தத்திலிருந்து பிய்த்து என் சட்டைப் பையில் போட்டான்.

"அப்பாக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

அப்பா காபியோடு வந்தார். விரித்திருந்த துணியைப் பார்த்ததும், என்ன கண்டுபிடித்தேன் என்று ஆவலாகக் கேட்டார். படித்த மகன் ஏதாவது சொல்வான் என்று காத்து நின்றார். பழைய பிளேட் சரியில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். பார்த்தவுடனே தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று அவர் தலையாட்டினார். டம்ளரில் காபியை ஆற்றித் தம்பியிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"நல்லவேள, ஸ்க்ரூ ரெண்டாவது நான் பாத்து வாங்கினது."

தம்பி காபியை வாங்கிக் குடித்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இரண்டாவது பிளேட் ஒத்துக்கொண்டது. என் பூச்சு எதுவும் இல்லாமலே, கடையில் வாங்கியது வாங்கியபடி ஒத்துக்கொண்டது. எலும்பு கூடியது. ஆனால் அதற்குள் சீழ் தின்றது தின்றதுதான், வலது கால் ஒரு விரற்கடை குட்டையாக நின்றுவிட்டது. போலீஸ் ஆசை போயிற்று. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துக் கொடுத்தோம். எனக்கும் பட்டம் கிடைத்தது. தட்டைத் துண்டுகளில் நான் போட்ட பூச்சுகள் நல்ல பூச்சுகள் என்று சோதனைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அந்த இரண்டு ஸ்க்ரூவும் வெகுநாள் என் மேசை டிராயரில் கிடந்தன. எறியவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு அப்பா பூத்தில்தான் உட்கார்ந்திருப்பார். லைன் கிடைக்கக் காத்திருக்கிறவர்கள் தம்பி நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு என்னாச்சு அண்ணாச்சி என்று கேட்பார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அப்பா நிமிர்ந்து உட்காருவார். மழை வரும், ஷட்டர் வரும், வயதாக ஆக மழை பெரிதாகிக்கொண்டே போயிற்று. லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவரிடம் கதை முடிகிற இடத்துக்கு வந்திருந்தது.

"ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. அன்னைக்கு நான் ஓடலன்னா இவனுக்குக் காலே கிடையாது. என்னலே?"

தம்பி மீட்டரில் ஓடுகிற சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல், எத்தனையோ தடவை சொன்ன அதே குரலில், "ஆமாப்பா" என்றான்.